தேய்மானம்

ஐஸ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன்.
எங்கள் பேரேட்டில்
உருகியதற்கென்று ஒரு பத்தி உண்டு.
கொட்பேயில் லொறி புறப்படும்போது நூறு கட்டி,
ஹொரவப்பொத்தானை தாண்டும்போது எண்பத்தெட்டு.
யாரும் யாரையும் குற்றம் சொல்வதில்லை.
பன்னிரண்டு என்று எழுதி, கோடு கிழித்து,
அடுத்த பக்கம்.

என் வீட்டுக் கணக்கில் அந்தப் பத்தி இல்லை.

நிலையான வைப்பில் மூன்று லட்சத்துப் பத்தாயிரம்.
ஒன்பது வருட ஓவர்டைம், இரண்டு சீட்டு,
விற்றுப்போன ஒரு தையல் மெசின்.
எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
'ஏதாவது நடந்தால்' என்று பெயர் வைத்திருந்தேன்.
இந்த ஊரில் ஏதாவது என்பது
கடலாக வந்திருக்கிறது,
சீருடை போட்டு வந்திருக்கிறது,
ஒரு பங்குனியில் பெற்றோல் வரிசையாகவும் வந்தது.
அந்த முறை என் பணம்
வைத்த இடத்தில் அசையாமல் இருந்தபடியே
பாதியாயிற்று.

கடன் மூன்று.
பல்லுக்கும் கூரைக்கும் குழுக்கடன், ஒன்று எண்பத்தைந்து.
தம்பி கத்தார் போகாமல் போனதற்கு
அடகில் சங்கிலி, தொண்ணூறு.
கிண்ணியா ஜெசீலாவிடம் நாற்பது:
வட்டி இல்லை, தவணை இல்லை, கையெழுத்தும் இல்லை.

செவ்வாய் தோறும் நிரோஜன் வருவான்.
மோட்டார் சைக்கிளை அணைக்காமல் காலூன்றி
"அக்கா" என்பான்.
மரியாதையான பிள்ளை.
அந்த ஒரு சொல்லுக்கு
ஒழுங்கையின் யன்னல்கள் எல்லாம் திறக்கும்.

வங்கி எட்டுத் தருகிறது.
கம்பெனி இருபத்தெட்டு எடுக்கிறது.
நடுவில் இருபது.
கணக்குத் தெரிந்தவள் நான்,
இரண்டு வருடமாக
என் பயத்துக்கு நானே கட்டிய வாடகை அது.

கூட்டிப் பார்த்த தாளோடு
கோட்டை வாசலடியில் நின்றேன்.
மான் ஒன்று வந்து
பையிலிருந்து அதை இழுத்து மென்றது.
மூன்று பதினைந்து என்ற கூட்டுத்தொகை
கடைசியாக உள்ளே போயிற்று.
பிழை இருந்தால் துப்பியிருக்கும்.

"முதிர நாலு மாசம் கிடக்கே மிஸ், உடைக்கிறதா?"
வங்கிப் பெண் கேட்டாள்.
ஐஸ் கட்டிக்கும் எங்களிடம் அதே சொல்தான்.
உடையுங்கோ என்றேன்.

கம்பெனி ரசீதில்
பாக்கி பூச்சியம் என்று அச்சாகி வந்தது.
குளிர்ந்தது என்று எழுத ஆசை.
இல்லை, சாதாரணத் தாள்,
மெசினிலிருந்து வந்ததால் கொஞ்சம் சூடு.
சங்கிலியைத் திருப்பினேன்.
கழுத்தில் போடவில்லை.

மிச்சம் முப்பத்தைந்து.
வட்டியில்லாததைக் கடைசியில் கொடு
என்கிறது கணக்கு.
ஆனால் இரண்டு வருடமாக இரவு இரண்டு மணிக்கு
என்னை எழுப்பியது கம்பெனி அல்ல,
கேட்காத ஜெசீலா.

சம்பளத்தில் ஐந்து சேர்த்துக்கொண்டு
கிண்ணியா பஸ் ஏறினேன்.
பாலம் முடியும் வரை
பையின் வாரை விடவில்லை.

சீத்தைத் துணிக் கட்டுகளுக்கு நடுவில்
விலைச்சீட்டுக் குத்திக்கொண்டிருந்தாள்.
கவரைத் திறக்கவில்லை,
நிறை பார்ப்பதுபோல் பிடித்தாள்.
"என்ட கையில ஈந்தா செலவாயிடும் புள்ள.
ஒங்கிட்டயே கிடக்கட்டும்.
தேவப்படக்குள்ள கேக்கன்."
பிறகு தேத்தண்ணி ஊற்றினாள்,
சீனி கூட.

இப்போது என் புத்தகத்தில் நாற்பதாயிரம்.
என் கடன், அவளுடைய சேமிப்பு,
ஒரே இலக்கம்.
ஏதாவது நடந்தால் தொடலாமா என்று
நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.

செவ்வாய் வந்தது.
நிரோஜன் என் படலையைத் தாண்டிப் போனான்,
கையை உயர்த்தினான்.
நானும் உயர்த்திவிட்டேன்.
மூன்றாம் வீட்டடியில்
எஞ்சின் ஓடிக்கொண்டே நின்றது.
"அக்கா."

என் யன்னல் திறந்திருந்தது.
எழும்பிப் போய்ச்
சாத்தினேன்.